ஒரே மந்திரத்த எல்லாத்துக்கும் ஓதுறதா, வேலைக்கு ஒண்டா படிக்கிறதா?

அம்மப்பாட மந்திரக் கொப்பி இப்ப எங்கட வீட்டு அலுமாரியில, சாறி மடிச்சு வைக்கிற தட்டுக்கு மேல, சிவப்புத் துணியில சுத்தி இருக்கு. ஏட்டப் பாத்து தன்ட கையால எழுதினது. 1978 கார்த்திகையில அடிச்ச சூறாவளியில வீட்டுக் கூரையோட ஏடும் போயிட்டு, கொப்பி தகரப் பெட்டிக்குள்ள இருந்ததால தப்பிட்டு. மொத்தம் 61 மந்திரம், கொஞ்சம் நல்ல தமிழ், கொஞ்சம் மலையாளம் கலந்தது, கொஞ்சம் எந்தப் பாசையெண்டே விளங்காது. போன மாசம் அக்காட மகன் வந்து பக்கத்தில இருந்து கேட்டான், "மாமா, நான் இதப் பழகப் போறன், ஆனா 61ஐயும் படிக்கணுமா, இல்லாட்டி ஒண்ட நல்லாப் படிச்சு அத வச்சே எல்லாத்தையும் பாக்கலாமா?" எண்டு. எனக்கு உடன மறுமொழி சொல்ல ஏலாமப் போயிட்டு.

ஏனெண்டா எங்கட ஒரே குடும்பத்துக்குள்ளயே மூண்டு பேர் மூண்டு விதமாச் செய்தவங்க. அம்மா எதுக்கும் கந்த சஷ்டி கவசம்தான், ஒரு எழுத்து மாத்தமாட்டா. பெரிய மாமா ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி மந்திரம் வச்சிருக்கார். அம்மப்பா ஒரே மூல மந்திரத்த வச்சு அதுக்குள்ள ஒரு இடத்த மட்டும் மாத்தி மாத்தி ஓதினவர். மூண்டையும் நான் கிட்ட இருந்து பாத்திருக்கன், மூண்டிலயும் ஆக்கள் சுகமாகிப் போனதையும் பாத்திருக்கன், ஆகாமப் போனதையும் பாத்திருக்கன். அதனால எது பலிக்கும் எண்டு நான் இதில கதைக்கப் போறதில்ல, பழகப் போற ஒரு பொடியனுக்கு எது பொருத்தம், எதுல பிழை வரும், எத எதுக்கு எடுக்கக்கூடாது எண்டுதான் கதைக்கப் போறன். வெளியூர் ஆக்கள் மட்டக்களப்பு எண்டா மந்திரத்தால ஆளப் பாயோட ஒட்ட வச்சிருவாங்க எண்டு சொல்லுவாங்க, ஆனா எங்கட வீட்டுக் கடப்படிக்கு வந்த ஆக்கள் கொண்டுவந்ததெல்லாம் ராவில பயந்து அழுற பிள்ளை, நாவூறு பட்டுச் சாப்பிடாத பிள்ளை, பால் மறந்த பசு, அறக்கொட்டியான் பூச்சி விழுந்த நெல் வேளாண்மை, இந்த மாதிரி விசயங்கள்தான்.

முதல்ல அம்மாட முறை. கவசத்த எல்லாத்துக்கும் ஓதுறது சோம்பல் எண்டு பெரிய மாமா சொல்லுவார், எனக்கு அதில உடன்பாடு இல்ல. அந்தப் பாட்ட ஒருக்கா மனசில வச்சுப் பாருங்க, அது பல வேலைக்கெண்டே கட்டின பாட்டு. தலையில இருந்து கால் வரைக்கும் ஒவ்வொரு உறுப்பாச் சொல்லி முருகன்ட வேலக் காவலுக்கு நிறுத்துது, மறுகா பேய் பிசாசு, பில்லி சூனியம், புலி நரி, தேள் பாம்பு, வாதம் பித்தம் வலிப்பு குன்மம் எண்டு பயப்பிட வேண்டிய எல்லாத்தையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஓடச் சொல்லுது. நாளைக்கு 36 உரு, அதாவது 36 தரம், ஓதி திருநீறு போடச் சொல்லி, எப்பிடிப் பாவிக்கிறதெண்டும் அதுக்குள்ளயே இருக்கு. அப்ப காய்ச்சலுக்கும் பயத்துக்கும் ராப் பயணத்துக்கும் அத ஓதக்குள்ள பாட்ட வேற வேலைக்குத் திருப்பினதா ஆகாது, அதில உள்ள வேலையத்தான் செய்யுறம்.

ஆனா ஒரு நுட்பம் இருக்கு. கவசத்தில காக்கச் சொல்லுறது அடியேனை, அதாவது ஓதுற ஆளை. அது தனக்குத் தான் போடுற கவசம். மத்த ஆளுக்காக ஓதக்குள்ள அம்மா பிள்ளைட உச்சியில கைய வச்சுக்கொண்டுதான் ஓதுவா, கை எடுத்தா அந்தக் காவல் தனக்கே வந்திரும் எண்டுவா. படிச்ச மனுசி இல்ல அவ, ஆனா பாட்டுட தன்மை, படர்க்கை எல்லாம் அவட கைக்குத் தெரிஞ்சிருக்கு. இந்த முறைக்கு குரு வேணாம், வாலாயம் (மந்திரத்தத் திரும்பத் திரும்ப ஓதித் தன்ட வசமாக்கிறது) வேணாம், யாரும் செய்யலாம், யாருக்கும் கேடு வராது. குறை எண்டு பாத்தா, நெடுக ஓதி ஓதி நாக்கு மட்டும் ஓடும், மனசு அடுப்படியில நிக்கும். எங்கட அம்மாவே சோறு வடிச்சுக்கொண்டு ஓதுறதும் இருக்கு, பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் 103 ஏறின ராவில ஓதினதும் இருக்கு, ரெண்டும் ஒரே சொல்லு, ஆனா அண்டைக்கு ராத்திரி அவட குரல நான் அதுக்கு முன்ன கேட்டதேயில்ல.

இதோட சேத்து இன்னொண்டு. தேவாரத்திலயும் இப்பிடித்தான் நடந்திருக்கு. பாண்டிய ராசாட காய்ச்சல் தணிய சம்பந்தர் மதுரையில பாடினது திருநீற்றுப் பதிகம், அது ஒரே ஒரு ஆளுட ஒரே ஒரு காய்ச்சலுக்கு வந்த பாட்டு, அத 1300 வருசத்துக்கு மேலா நாங்க திருநீறு பூசுற நேரமெல்லாம் ஓதுறம். கோளறு பதிகமும் அவர் வேதாரணியத்தில இருந்து மதுரைக்குப் புறப்படக்குள்ள, நாளும் கோளும் சரியில்ல எண்டு அப்பர் தடுத்த நேரம் பாடினது, இப்ப சனி மாற்றம் எண்டாலும் அதுதான், கலியாணம் தள்ளிப் போனாலும் அதுதான். அப்ப ஒரு வேலைக்கு வந்த பாட்ட இன்னொரு வேலைக்கு எடுக்கிறது எங்கட சமயத்துக்குப் புதிசில்ல, பிழையும் இல்ல. ஆனா ரெண்டும் ஏன் பொருந்துது எண்டு பாத்தீங்களெண்டா, நீறு எண்டது காய்ச்சலுக்கும் நீறு, சும்மா நாளைக்கும் நீறு. கோள் எண்டது அவர்ர பயணத்துக்கும் கோள், எங்கட வீட்டுக்கும் கோள். பாட்டுக்குள்ள உள்ள பொருள் மாறயில்ல, ஓதுற ஆள்தான் மாறியிருக்கு.

அபிராமி அந்தாதிய மட்டும் எனக்கு மனசு ஒப்பாத ஒரு விதத்தில பாவிக்கிறாங்க. கடையில விக்கிற சின்னப் புத்தகங்களில 100 பாட்டுக்கும் 100 பலன் போட்டிருக்கு, இந்தப் பாட்டு கடன் தீர, இந்தப் பாட்டு பிள்ளை கிடைக்க, இந்தப் பாட்டு பகை போக எண்டு, ஆக்களும் தங்களுக்கு வேணும் எண்ட ஒரு பாட்ட மட்டும் பிச்சு எடுத்து ஓதுறாங்க. அந்தாதி எண்டா ஒரு பாட்டு முடியுற சொல்லில அடுத்த பாட்டுத் தொடங்கும், 100வது முடிஞ்சு திரும்ப முதலாவதுக்கு வந்து சேரும், அது ஒரு மாலை. அதில ஒரு பூவ மட்டும் இழுத்து எடுத்தா மாலையும் இல்ல, பூவும் வாடிப் போகும். ஓதுறதெண்டா முழுசா ஓதுங்க, உங்கட பாட்டு வரக்குள்ள ஒருக்கா நிண்டு கும்பிட்டிட்டுப் போங்க. ஒரு நூலைத் துண்டு போட்டு 100 மந்திரமாக்கிறது இந்த ஒப்பீட்டில எனக்குக் கடைசித் தெரிவு.

இனி பெரிய மாமாட முறை. பாம்புக்கு ஒண்டு, தேளுக்கு ஒண்டு, தலையிடிக்கு ஒண்டு, செங்கமாரிக்கு (மஞ்சள் காமாலை) ஒண்டு, பிள்ளைப் பயத்துக்கு ஒண்டு, மாட்டுக்கு ஒண்டு. ஒவ்வொரு மந்திரத்தையும் கிட்டப் போய்ப் பாத்தா அது எவ்வளவு துல்லியம் எண்டு விளங்கும், தேள் மந்திரத்தில தேளின்ட சாதியெல்லாம் வரிசையா வரும், கருந்தேள் செந்தேள் எண்டு, எந்தத் தேள் கொட்டினதெண்டு தெரியாட்டியும் ஏதோ ஒரு இடத்தில அதுட பேர் வந்திரும். வந்த ஆளுக்கும் தனக்கெண்டே ஒண்டு ஓதுறாங்க எண்ட ஒரு ஆறுதல் இருக்கு, அத நான் லேசா நினைக்கயில்ல, நோயில கிடக்கிறவனுக்கு அது பெரிய விசயம். (பாம்பு கடிச்சா மட்டும் ஓதிக்கொண்டிருக்காதீங்க. பெரிய மாமாவே கேட்ட உடன ஆட்டோவக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு ஏத்திப்போட்டுத்தான் வந்திருந்து ஓதுவார். கடிச்ச இடத்த வெட்டுறது, இறுக்கிக் கட்டுறது ஒண்டும் வேணாம், அங்கதான் விச முறிவு மருந்து இருக்கு.)

ஆனா கணக்குப் பாருங்க. ஒரு மந்திரம் கைக்கு வரணுமெண்டா ஒரு மண்டலம், 48 நாள், துடக்கு, தீட்டு இல்லாம, மச்சம் மாமிசம் இல்லாம, ஒரே நேரத்துக்கு ஒரே இடத்தில இருந்து திரும்பத் திரும்ப ஓதி உருவேத்தணும். 61 மந்திரத்துக்கு 2928 நாள். இடையில ஒரு செத்த வீடு, ஒரு பிள்ளைப்பேறு, ஒரு காய்ச்சல் வராமலிருந்தாலும் 8 வருசம். அதோட முடியாது, ஓதாம விட்ட மந்திரம் துருப்பிடிக்கும் எண்டு சொல்லுவாங்க. அதுக்குத்தான் கிரகண நேரத்தில ஆத்துக்குள்ள இடுப்பளவு தண்ணியில நிண்டு எல்லாத்தையும் ஒருக்கா ஓதிப் புதுப்பிக்கிறது. ஒரு சந்திர கிரகணத்துக்கு நான் பெரிய மாமாவோட போனனான், கரையில அவர்ர சேட்டையும் டோர்ச்சையும் வச்சுக்கொண்டு இருந்தன். அவர் ஓதி ஓதி வாறார், சந்திரன் ஒரு பக்கத்தால வெளுத்துக்கொண்டு வருது, அவர் இன்னும் அவசரமா ஓதுறார், கடைசியில கிரகணம் விட்டிட்டு, அவருக்கு இன்னும் பத்துப் பதினைஞ்சு மந்திரம் கிடக்கு. தண்ணியில இருந்து ஏறி வந்து ஒண்டும் கதைக்காம தலையத் துவட்டினார். வீட்டுக்கு வரக்குள்ள மட்டும், "எனக்கு வயசு காணாது மருமகன்" எண்டார்.

அதுக்குப் பிறகுதான் இன்னொண்டு நடந்தது. ஒரு தாய் பயந்து அழுற பிள்ளையத் தூக்கிக்கொண்டு வந்திருந்தா. மாமா கண்ண மூடி ஓதத் தொடங்கினார், ரெண்டு வரி போக எனக்கே விளங்கிட்டு அது பிள்ளைப் பய மந்திரமில்ல, தேள் மந்திரம். அவரும் விளங்கி நிப்பாட்டினார். "பிழைச்சிட்டு" எண்டு மெதுவாச் சொல்லி, கைய நனைச்சு முகத்தத் துடைச்சு, திரும்பத் தொடங்கினார். பிள்ளைக்கு ஒண்டும் ஆகயில்ல, திருநீறு போட்டு நித்திரையாக்கித்தான் கொண்டு போனா. ஆனா அந்தத் தாய்ட முகம் மாறினத நான் பாத்தன், தன்ட பிள்ளைக்கு எதையோ ஏத்திவிட்டாரோ எண்டு பயந்த முகம். அவ பிறகு வரயில்ல. 61 மந்திரம் வச்சிருக்கிற ஆளுக்கு வாற பிழை இது, ஒண்டு வச்சிருக்கிற ஆளுக்கு இந்தப் பிழை வராது.

மூண்டாவது அம்மப்பாட முறை. இத நான் கொஞ்சம் விரிச்சுச் சொல்லணும், ஏனெண்டா அக்காட மகன் கேட்ட கேள்விக்கு உண்மையான மறுமொழி இதுக்குள்ளதான் இருக்கு.

சின்ன வயசில நான் அவருக்குப் பக்கத்தில குந்தியிருந்து கேப்பன். வெத்திலையில திருநீற வச்சு, வலது கைப் பெருவிரலால அத மெதுவா உரஞ்சிக்கொண்டு, உதடு மட்டும் அசையும், சத்தம் வராது. ஒரு இடத்தில உதடு நிக்கும். ஒரு மூச்சு அளவு. அங்க மட்டும் சத்தம் கேக்கும், பிள்ளைட பேர், தாய்ட பேர். மறுகா திரும்ப உதடு அசையத் தொடங்கும். முடிய மூண்டு தரம் திருநீற ஊதி நெத்தியில வைப்பார். இன்னொரு நாள் அவரோட வட்டைக்கு, வயல்வெளிக்குப் போனன், வேளாண்மைக் காவலுக்கு. ஒரு வாளித் தண்ணியும் வேப்பங்குழையும். அதே உதட்டு அசைவு, அதே இடத்தில நிப்பு, அங்க இந்த முறை பிள்ளைட பேரில்ல, வட்டைட பேரும் நாலு எல்லையும். பத்து வயசுப் பொடியன் எனக்கு அண்டைக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சிட்டு, இது அதேதான், பிள்ளைக்கு ஓதினதத்தான் வயலுக்கும் ஓதுறார் எண்டு. கேட்டன். "ஓம் மனே, காவல் ஒண்டுதான், காக்கிற இடம்தான் வேற" எண்டார்.

கொப்பியில அந்த இடத்தில "இன்னார்" எண்டு எழுதியிருக்கு. அந்தச் சொல்லச் சுத்தி சின்னதா ஒரு வட்டம்.

மாத்துறது பேர மட்டுமில்ல. ஓதி ஏத்துற பொருள் மாறும், பிள்ளைக்குத் திருநீறு, பெரிய ஆளுக்கு நூல், வளவுக்கு மணல், வயலுக்குத் தண்ணி, வாகனத்துக்குத் தேசிக்காய். எண்ணிக்கை மாறும். முடியுற சொல்லு மாறும். மந்திர சாஸ்திரத்திலயும் ஒரே மூலத்துக்குக் கடைசியில நம எண்டு வாறதும், சுவாகா எண்டு வாறதும், உம் பட் எண்டு வாறதும் வேற வேற வேலைக்கு. ஐந்தெழுத்தையே பாருங்க, நமசிவய, சிவயநம எண்டு எழுத்து இடம் மாற நோக்கமும் மாறுது, திருமந்திரத்தில அந்த அஞ்சு எழுத்தையும் கட்டத்துக்குள்ள மாத்தி மாத்தி அடைக்கிற சக்கரமே இருக்கு. அதால அம்மப்பா தன்ட புத்திக்கு உருவாக்கின குறுக்கு வழி இது எண்டு யாரும் நினைக்க வேணாம், இது பழைய முறை. ஒரு மூலத்த 48 நாளில்ல, 40 வருசம் உருவேத்தினவர் அவர். 61 கிணறு ஒரு முழம் ஒரு முழமாத் தோண்டுறதுக்கும் ஒரு கிணற அடி காணத் தோண்டுறதுக்கும் உள்ள வித்தியாசம்.

காத்தான்குடியில என்ட கூட்டாளி ஒருத்தன் இருக்கான், அவன்ட மூத்தப்பா ஓதிப் பாக்கிறவர். அவனோட இதப்பத்திக் கதைக்கக்குள்ள எனக்கு ஒரு தெளிவு வந்தது. அவங்க குர்ஆனில உள்ள யாசீன மையித்து (செத்த) வீட்டிலயும் ஓதுறாங்க, நோயாளிக்கும் ஓதுறாங்க, கஷ்டம் தீரவும் ஓதுறாங்க, ஆயத்துல் குர்சி எண்ட வசனத்த படுக்கக்குள்ள காவலுக்கும் ஓதுறாங்க, தண்ணியில ஓதி ஊதியும் குடுக்கிறாங்க. ஆனா ஓதுற வசனத்தில ஒரு எழுத்தையும் தொடமாட்டாங்க, அது இறைவன்ட வேதம், நடுவில பேர் போடுற கதையே இல்ல. "அப்ப எப்பிடி மச்சான் அது இந்த வேலைக்கு, இது அந்த வேலைக்கு எண்டு ஆகும்?" எண்டு கேட்டன். "நிய்யத்துதான்டா, ஓத முந்தி மனசில வைக்கிற நிய்யத்து, எல்லாக் கருமமும் அதிலதான்" எண்டான். எங்கட அம்மா பிள்ளைட உச்சியில கை வைக்கிறதும் அதேதான். எங்கட பூசையில சங்கற்பம் எண்டு சொல்லி நாள், இடம், பேர், நட்சத்திரம், என்னத்துக்காகச் செய்யுறம் எல்லாத்தையும் முதல்ல சொல்லுறதும் அதேதான். அப்ப மாத்துற இடம் பாட்டுக்கு வெளியில இருந்தா ஒரு விதம், உள்ளுக்க இருந்தா இன்னொரு விதம். வெளியில வைக்கிறது பாதுகாப்பு, பிழைக்க வழியில்ல. உள்ளுக்க வைக்கிறதுக்குப் பலம் கூட, ஆபத்தும் கூட.

அந்த ஆபத்து என்னெண்டு சொல்லுறன். கொப்பியில ரெண்டு பக்கத்துக்கு வாய்க்கட்டு மந்திரம் இருக்கு. வாவிக்கு மேற்கால படுவான்கரைப் பக்கம் வேளாண்மை செய்யுறவங்களுக்கு இது என்னத்துக்கெண்டு சொல்லத் தேவையில்ல. ராவில ஆனை இறங்கும், காவல் குடிசையும் போகும், வேளாண்மையும் போகும், ஆளும் போகும். காட்டு வழியால வண்டி கட்டிப் போன காலத்திலயும், பரணில காவல் இருக்கிற காலத்திலயும் ஆனை, கரடி வாய் திறக்காம இருக்க ஓதினது. அதிலயும் நடுவில ஒரு இன்னார் இருக்கு. ஒரு நாள் எங்கட சொந்தக்காரர் ஒருத்தர் வந்தார், காணி வழக்கு, மச்சான்காரன் கோட்டில சாட்சி சொல்லப் போறான், அவன்ட வாயக் கட்டித் தரணும் எண்டு. காசும் கொண்டு வந்தவர். அம்மப்பா தேத்தண்ணி குடுத்து, சாப்பிடச் சொல்லி, கடைசியில சொன்னது இவ்வளவுதான்: "ஆனைக்கு எழுதினத ஆளுக்கு ஓதுறதில்ல தம்பி. ஆனை உன்ட வயலுக்கு வந்தது, மச்சான் உன்ட தங்கச்சிட வீட்டில இருக்கான்." அந்த மனுசன் கோவிச்சுக்கொண்டு போய் வேற இடத்தில செய்விச்சார். அதால வழக்கு என்னாச்சு எண்டது பெரிசில்ல, செய்வினை செய்தாங்க எண்ட கதை ஊரில பரவி ரெண்டு வீடும் பேச்சுவார்த்தை இல்ல, தங்கச்சி செத்த வீட்டுக்கு அண்ணன் கடப்புக்கு வெளியில நிண்டிட்டுப் போனார்.

வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆகருஷணம், பேதனம், வித்துவேஷணம், மாரணம் எண்டு, ஆள மயக்கிறதில இருந்து சாகடிக்கிறது வரைக்கும், எட்டுக் கருமம் சொல்லுறாங்களே, ஒரே மூலத்த இந்த எட்டுக்கும் திருப்பலாம் எண்டு படிச்ச ஆக்களுக்குத் தெரியும். அதால அம்மப்பாட முறையப் பழகுறவன் கையில கத்திய மாதிரி ஒண்டு இருக்கு. கவசம் ஓதுறவனுக்கு இந்தச் சோதனையே வராது, தனித்தனி மந்திரம் வச்சிருக்கிறவனும் கெட்ட மந்திரத்தப் படிக்காமலே விடலாம், ஆனா ஒரு மூலக்காரன் ஒவ்வொரு நாளும் தன்னைத் தானே தடுக்கணும். வயசு 24 ஆன ஒரு பொடியனுக்கு அந்தப் பாரத்தத் தூக்கிக் குடுக்கிறதா எண்டுதான் நான் அண்டைக்கு வாயடைச்சுப் போனது.

இந்த மூண்டோடயும் சேக்கக்கூடாத ஒண்டு இருக்கு, கோயில் ஏடு. கண்ணகை அம்மன்ட (கண்ணகி) கதையச் சொல்லுற வழக்குரை, குளிர்த்தி, ஊர்சுற்றுக் காவியம், மழைக் காவியம் இதெல்லாம். தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் எண்டு வைகாசியில கதவு திறக்கிற கோயிலுகளில வழக்குரை படிக்கக்குள்ள பாத்திருப்பீங்க, கதை அப்பிடியே சடங்கா நடக்கும். கலியாணக் கதைக்கு கலியாணக்கால் நடுவாங்க, வழக்காடி எரிச்சு வந்த அம்மன்ட கோவம் தணிய கடைசியில குளிர்த்தி. அந்தப் பாட்டுக்கு அந்த இடமும் அந்த நாளும் அந்த ஆக்களும்தான் உடம்பு. குளிர்த்திய அம்மை நோய்க்கும் நினைக்கிறம், மழையில்லாக் காலத்திலயும் நினைக்கிறம், ஒரே பாட்டு ஏன் இத்தினைக்கு எண்டு யாரும் கேட்டா, எங்கட கண்ணில அது ஒரே விசயம்தான்: அம்மை சூடு, காய்ச்சல் சூடு, வறட்சி சூடு, அம்மன்ட கோவமும் சூடு, எல்லாத்துக்கும் குளிர வைக்கணும். பாட்டுக்குள்ள நடக்கிறதும் வீட்டில நடக்கிறதும் ஒண்டா இருக்கு. இந்தப் பொருத்தத்த விளங்காமச் செய்தா என்ன ஆகும் எண்டதுக்கு, எங்கட சொந்தத்தில ஒரு புது வீடு குடிபூரல். வழக்குரைய ஃபோனில ரெக்கோட் பண்ணி வச்சிருந்தத, நல்ல சாமிப் பாட்டுத்தானே எண்டு ஸ்பீக்கரில போட்டு விட்டாங்க. பால் பொங்குது, பாட்டில கோவலன வெட்டக் கொண்டு போறாங்க. ஒரு ஆச்சி எழும்பிப் போய்த் தன்ட கையால வயரக் கழட்டினா, கண்ணெல்லாம் தண்ணி. "அம்மன்ட தாலி போற இடத்த நல்ல நாளில கேக்கிறதா மக்காள்" எண்டா. யாரும் கெட்ட எண்ணத்தில செய்யயில்ல, ஆனா என்ன பாட்டு எண்டு யாரும் கேக்கயில்ல.

அதனால நான் இப்ப வச்சிருக்கிற கேள்வி ஒண்டுதான்: இந்தப் பாட்டுக்குள்ள என்ன நடக்குது, அது எனக்கு வேண்டிய காரியத்தோட ஒண்டாப் போகுதா? போனா எடுக்கலாம், அது 1300 வருசம் முந்தி வேற ஆளுக்குப் பாடினதா இருந்தாலும். போகாட்டி வேற தேடணும், அது எவ்வளவு சக்தியான மந்திரமா இருந்தாலும்.

அக்காட மகனுக்கு ரெண்டு கிழமை கழிச்சுத்தான் மறுமொழி சொன்னன். வீட்டு ஆக்களுக்கு, தனக்கு, கவசம் போதும், அதுக்கு மேல ஒண்டும் வேணாம், ஆனா அம்மம்மா மாதிரி உச்சியில கை வச்சு ஓது. வெளி ஆக்களுக்குப் பாக்கப் போறாயெண்டா அம்மப்பாட மூலம் ஒண்டு மட்டும் எடு, ஒரு மண்டலம் இரு, முதல் வருசம் பிள்ளைப் பயம், நாவூறு, வயல் காவல் இந்த மூண்டுக்கு மேல கை வைக்காத. பெரிய மாமாட மிச்சம் 60ஐயும் படிக்கத் தேவையில்ல, ஆனா அவர் உசிரோட இருக்கக்குள்ளயே பக்கத்தில இருந்து ஒவ்வொண்டையும் அவர்ர வாயால சொல்லச் சொல்லி எழுத்துப் பிழை திருத்தி வை, எங்க மூச்சு விடுற, எங்க நிப்பாட்டுற எண்டும் குறிச்சு வை, அது ஓதுறதுக்கில்ல, அழிஞ்சு போகாம இருக்கிறதுக்கு. ஆருக்காவது தேள் மந்திரம்தான் வேணுமெண்டா பெரிய மாமாட்ட அனுப்பு. கோயில் பாட்டுகள கோயிலில போய் நிண்டு கேளு.

அவனுக்கு ஒரு குறை இருந்தது. "61 இருக்கக்குள்ள ஒண்டு மட்டும் எண்டா ஆக்கள் மதிப்பாங்களா மாமா?" எண்டான். அவனுக்குச் சொன்னன், உன்ட அம்மம்மாட அப்பாவ தேடி வந்த ஆக்கள் எத்தினை மந்திரம் எண்டு எண்ணிக்கொண்டு வரயில்ல, அவர் பிள்ளைட பேரையும் தாய்ட பேரையும் பிழையில்லாமக் கேட்டு வாங்கி, அந்த இடத்தில நிண்டு சொல்லுறதப் பாத்துத்தான் வந்தவங்க. இப்ப அவன் இருபத்தேழாவது நாள். விடியக் காலம நாலரைக்கு எழும்புறான், மச்சம் விட்டிட்டான், ஃபோன மற்ற அறையில வச்சிட்டு இருக்கான். போன வெள்ளி பக்கத்து வளவுப் பிள்ளையத் தூக்கிக்கொண்டு வந்தாங்க, மண்டலம் முடியயில்ல எண்டு சொல்லி எங்கட அம்மாட்ட அனுப்பிட்டான், எனக்கு அது சந்தோசம்.

வாய்க்கட்டு உள்ள ரெண்டு பக்கத்தையும் மட்டும் கொப்பியில இருந்து கழட்டி நான் தனியா வச்சிருக்கன். கிழிக்க மனமில்ல. தை பிறக்க வேளாண்மை முத்தத் தொடங்கும், ஆனையும் இறங்கும், இவனும் தகப்பனோட காவலுக்குப் போவான், அதுக்கு முன்ன குடுக்கத்தான் வேணும். குடுக்கக்குள்ள அந்த இன்னார் எண்ட சொல்ல பேனையால வெட்டிப்போட்டு, அந்த வட்டத்துக்குள்ள ஆனை எண்டு எழுதிக் குடுக்கலாமெண்டு இருக்கன்.